48-க்குப் பக்கத்தில் ஒரு கதவு

போன ஞாயிறு காலை ஏற்காடு மலையில் நாகலூரில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் இரண்டு டிரையரும் சேர்ந்து ஓடின. இரண்டின் எல்சிடியிலும் ஒரே வாசகம், ஒரே இடைவெளி. 48 என்ற எண், அடுத்து குட்டி வட்டம், அடுத்து சி. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த வட்டமும் சியும் பிசகாமல் வர எனக்கு ஆறு வாரமும், சேலத்திலிருந்து மலைக்கு நான்கு நடையும், கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாயும் ஆனது. அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளையே வரிக்கு வரி எழுதும் மொழி) நிரலில், திரையில் காட்டும் வாசகங்களை எழுதுவது என்ற ஒரே விஷயத்தில்தான் இத்தனை சறுக்கலும். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும். களத்தில் காயப்போட்ட காப்பியை அள்ளுவதும் திரும்பப் பரப்புவதுமே அன்றைய வேலையாகிவிடும். அதற்காக மாமா 2011-ல் ஒரு சூடுகாற்று டிரையர் செய்து வைத்தார். அதன் கண்ட்ரோலரை நான் பாலிடெக்னிக் முடித்த கையோடு கட்டிக் கொடுத்தேன். 8051 குடும்பத்து ஏடி89எஸ்52 சிப், டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 16 எழுத்து 2 வரி எல்சிடி, ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் ஆளுக்கொரு ரிலே. நிரல் முழுக்க அசெம்பிளி. இத்தனை வருஷம் ஓடிய அந்தப் போர்டு, இந்த ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் போய்விட்டது. அதே சமயம் மாமா இரண்டாவதாக ஒரு பழைய டிரையரையும் விலை பேசி வாங்கியிருந்தார். "மாப்ள, ரெண்டுக்கும் ஒரே மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். ஒரே மாதிரி என்ற அந்த வார்த்தையில்தான் மாட்டினேன்.

பழைய போர்டில் சிப்பும் ரெகுலேட்டரும் மட்டும்தான் சேதம். ரெகுலேட்டர் கையிருப்பில் இருந்தது, புதுச் சிப் 120 ரூபாய். சிப்பில் எரித்த ஹெக்ஸ் கோப்பு, அதாவது நிரலின் எண் வடிவம், எங்கும் இல்லை. மூல நிரல் மட்டும் ஒரு பென் டிரைவில் கிடைத்தது. அது கெய்ல் ஏ51 அசெம்ப்ளருக்காக (நிரலைச் சிப்புக்கான எண்களாக மாற்றும் மென்பொருள்) எழுதியது. என் லேப்டாப்பில் இப்போது லினக்ஸ்தான். சரி, எஸ்டிசிசி என்ற சி கம்பைலரோடு வரும் 8051 அசெம்ப்ளருக்கு மாற்றிவிடலாம், அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

மூல நிரலில் 31 வாசகங்கள். ஏ51-ல் 'டிபி' என்று போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் வாசகம், கமா, கடைசியில் 0. படிக்கும் பகுதி டிபிடிஆர் என்ற, சிப்புக்குள் இருக்கும் முகவரிப் பதிவேட்டில் முகவரியை வைத்து ஒவ்வொரு பைட்டாக எடுக்கும், 0 வந்தால் நிற்கும். அவ்வளவுதான். புது அசெம்ப்ளரில் வாசகத்துக்கு '.ஆஸ்கி' என்று தனி டைரக்டிவ் (அசெம்ப்ளருக்கு நாம் தரும் உத்தரவு). அதோடு '.ஆஸ்கி-இசட்' என்று ஒன்று உண்டு, கடைசியில் 0 பைட்டைத் தானே சேர்த்துக்கொள்ளும். 31 வரியையும் கையால் மாற்ற வேண்டாம் என்று உரையில் தேடி மாற்றும் 'செட்' கட்டளையில் ஒரே வரி எழுதி ஓடவிட்டேன். பிழை ஏதுமில்லை. சிப்பில் ஏற்றினேன்.

திரையில் எழுத்துகள் ஓட்டமாக ஓடி, கடைசியில் இரண்டு வரியும் குப்பையாக நின்றன. நடுநடுவே ஜப்பானிய எழுத்துகள் வேறு.

உடனே எல்சிடி மேல் சந்தேகம் வந்தது. இடியில் அதுவும் போயிருக்கும் என்று முடிவு கட்டி, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன், 170 ரூபாய். மாட்டினால் அதே ஆட்டம். டேட்டா வயர்களை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கான்ட்ராஸ்ட் பிரிசெட்டைத் திருகினேன். எனேபிள் பல்ஸுக்கு இடைவெளியைக் கூட்டினேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அப்படியே போனது. ராத்திரி பத்து மணிக்குத்தான், சிப்பில் ஏற்றிய கோப்பையே திறந்து பைட் பைட்டாகப் பார்க்கலாமே என்று உறைத்தது.

'ஹீட்டர் ஆன்' என்ற ஆங்கில வாசகத்தின் கடைசி எழுத்து என். அதன் எண் 78. கோப்பில் அந்த இடத்தில் 206 இருந்தது. வித்தியாசம் சரியாக 128. அடுத்து வர வேண்டிய 0-வைக் காணோம். எல்லா வாசகத்திலும் இதே கதை. 'செட்' வரியைப் போய்ப் பார்த்தால், '.ஆஸ்கி-இசட்' என்று அடிக்க வேண்டியதை '.ஆஸ்கி-எஸ்' என்று அடித்திருக்கிறேன். விசைப்பலகையில் எஸ்ஸும் இசட்டும் ஒட்டினாற்போல இருக்கின்றன. இந்த அசெம்ப்ளரில் அதுவும் முறையான டைரக்டிவ்தான். கடைசி எழுத்தில் 128 மதிப்புள்ள மேல் பிட்டை ஏற்றிவிட்டு 'வாசகம் இங்கே முடிந்தது' என்று அடையாளம் காட்டும், 0 சேர்க்காது. வாசகத்துக்கு ஒரு பைட் மிச்சம் பிடிக்கும் பழைய காலத்துச் சிக்கனம். என் நிரலோ 0-வைத் தேடிக்கொண்டு 31 வாசகத்தையும் தாண்டி ஓடியிருக்கிறது. எச்டி44780 எல்சிடி கண்ட்ரோலரின் ஜப்பானிய எழுத்துரு ரோமில் 206 என்பது ஒரு கட்டகனா எழுத்து. எல்சிடி பாவம், கொடுத்ததைக் காட்டியது.

இங்கே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 16 எழுத்துத் திரை என்றாலும் அந்தக் கண்ட்ரோலரின் நினைவகத்தில் வரிக்கு 40 இடம். 17 முதல் 40 வரை எழுதினால் கண்ணுக்குத் தெரியாது, 40-ஐத் தாண்டினால்தான் அடுத்த வரியில் வந்து விழும். அதாவது ஒரே ஒரு வாசகத்தில் மட்டும் 0 விட்டுப்போய், அடுத்த வாசகத்தோடு சேர்ந்தாலும் 40-க்குள் அடங்கிவிட்டால், திரை சில சமயம் சரியாகவே தெரியும். நல்ல வேளை, எனக்கு எல்லாமே கெட்டுப்போனது.

எழுத்தைத் திருத்தி, போர்டை எடுத்துக்கொண்டு முதல் நடை மலைக்கு. 20 கொண்டை ஊசியும் பனி. பழைய டிரையர் ஓடிவிட்டது. மாமா வீட்டில் காப்பி குடித்துவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது டிரையருக்குப் புதுப் போர்டு. ஆர்டுயினோ நானோ மாதிரிப் போர்டு ஒன்று 280 ரூபாய், உள்ளே ஏடிமெகா328பி. அதோடு 5 வோல்ட் அடாப்டர் 160, தண்ணீர் புகாத சென்சார் 110, இரட்டை ரிலே 130, மற்ற வயர், கனெக்டர், பொத்தல் போர்டு எல்லாம் சேர்ந்து 150. இதற்கும் அசெம்பிளியா, சி-யில் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். எழுதலாம்தான். கையில் இருக்கும் தர்க்கத்தை வரிக்கு வரி பெயர்த்துவிடலாம் என்ற சோம்பேறித்தனம் பாதி, பிடிவாதம் பாதி.

இந்தச் சிப்பின் குடும்பமான ஏவிஆருக்கு முதலில் அவ்ரா என்ற அசெம்ப்ளரை எடுத்தேன். அதில் வாசகத்தை '.டிபி' என்று, கிட்டத்தட்ட ஏ51 போலவே எழுதலாம். ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கினால் முடிந்தது. லேபிள் முகவரி மட்டும் வேர்டு (இரண்டு பைட்) கணக்கு என்பதால் 2-ஆல் பெருக்கி இசட் பதிவேட்டில் வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது.

மேஜையில் நாலைந்து வாசகங்களைப் பார்த்தேன், நன்றாக வந்தன. மலைக்கு இரண்டாவது நடை. மாட்டிவிட்டு, மாமா தட்டை இழுத்துப் பார்க்கக் கதவைத் திறந்தார். 'டிரையர் டோர் ஓப்பன்' என்று வர வேண்டும். 'டிரையர்' என்று மட்டும் வந்து நின்றது. "என்ன மாப்ள, டிரையர்னு பேர் மட்டும் சொல்லுது, விஷயத்தைச் சொல்ல மாட்டேங்குதே" என்றார். 'ஹீட்டர் ஆன்' மட்டும் முழுதாக வந்தது. இரண்டையும் நான் ஒரே முறையில்தான் எழுதியிருந்தேன். முதல் சொல் ஒரு வரியில், மிச்சம் அடுத்த வரியில்.

ஏவிஆரின் நிரல் நினைவகம் 16 பிட் வேர்டாக அடுக்கியது. அதனால் ஒரு '.டிபி' வரியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பைட் இருந்தால், அசெம்ப்ளர் ஒரு 0 சேர்த்து இரட்டைப்படையாக்கிவிடும். ஆங்கிலத்தில் டிரையருக்கு ஐந்து எழுத்து, ஹீட்டருக்கு ஆறு. டிரையருக்குப் பின்னால் சேர்ந்த 0-வைப் பார்த்ததும் என் நிரல் வாசகம் முடிந்தது என்று நின்றுவிட்டது. இடைவெளியை இரண்டாவது வரியின் தொடக்கத்தில் வைக்காமல் முதல் வரியின் கடைசியில் வைத்திருந்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே பட்டிருக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அசெம்ப்ளர் ஒவ்வொரு இடத்திலும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. மொத்தம் 14 வரி. 'எரர் 0' என்பதை மட்டும் பார்த்துவிட்டு நான் மேலே போயிருக்கிறேன்.

இதோடு அவ்ராவை விட்டுவிட்டுக் குனு அசெம்ப்ளருக்கு மாறினேன். இதில் முகவரி பைட் கணக்கு, தானாக 0 திணிப்பதும் இல்லை. வாசகங்களுக்குப் பின்னால் நிரல் வந்தால் '.பி-அலைன் 2' என்று நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் '.அலைன்' போட்டால் சில சிப்புகளில் அது பைட் எண்ணிக்கை, சிலவற்றில் இரண்டின் அடுக்கு. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

இங்கும் '.ஆஸ்கி', '.ஆஸ்கி-இசட்' இரண்டும் உண்டு. '.ஸ்ட்ரிங்' என்றும் ஒன்று உண்டு, ஏவிஆரில் அது '.ஆஸ்கி-இசட்' செய்வதையே செய்யும். பெயர் அழகாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் '.ஸ்ட்ரிங்' ஆக்கினேன். பிறகு கையேட்டைப் படித்தபோது, எச்பி பிஏ என்ற பழைய செயலிக் குடும்பத்துக்கான அதே குனு அசெம்ப்ளரில் '.ஸ்ட்ரிங்' கடைசியில் 0 வைக்காது என்று எச்சரிக்கை போட்டிருந்தது. அங்கே 0 வேண்டுமானால் '.ஸ்ட்ரிங்-இசட்' என்று எழுத வேண்டும். நான் அந்தச் செயலியை ஜென்மத்தில் தொடப்போவதில்லை. இருந்தாலும், ஒரே மென்பொருளில் ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் என்றால் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். திரும்ப '.ஆஸ்கி-இசட்'. அதிலும் கமா போட்டு இரண்டு துண்டாக எழுதினால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக 0 வரும். அதை மலை ஏறாமலே, மேஜையிலேயே பிடித்துவிட்டேன். இப்போது ஏற்றுவதற்கு முன் பைட் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. ஆனால் எல்லா வாசகத்தையும் பார்க்கும் பொறுமை இன்னும் வரவில்லை.

மூன்றாவது நடை. சென்சார் டிரையரிலேயே மாட்டியிருந்ததால், மேஜையில் 'சென்சார் இல்லை' என்ற வாசகத்தோடுதான் சோதித்திருந்தேன். அங்கே போய் ஓடவிட்டதும் மாமாதான் முதலில் பார்த்தார். "48-க்குப் பக்கத்துல கதவு மாதிரி ஏதோ வருதே, அது என்ன மாப்ள?"

வட்டமும் இல்லை, சியும் இல்லை. இரண்டுக்கும் பதிலாக ஒரே எழுத்து, நிஜமாகவே நிலை வைத்த கதவு போல. ஜப்பானியப் பணமான யென்னைக் குறிக்கும் எழுத்து அது.

இந்த எல்சிடியில் டிகிரி வட்டத்தின் எண் 223, பதினாறடிமானத்தில் டிஎஃப். ஏ51-ல் வாசகத்தை முடித்து, கமா போட்டு எண்ணை எழுதி, இன்னொரு கமா போட்டு 'சி' என்று எழுதியிருந்தேன். குனுவுக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே மேற்கோளுக்குள் கொண்டுவர, பின்சாய்கோடு, எக்ஸ், டிஎஃப், உடனே சி என்று ஒட்டி எழுதினேன். குனு அசெம்ப்ளர் எக்ஸுக்குப் பின்னால் வரும் பதினாறடிமான இலக்கங்களை எத்தனை இருந்தாலும் விடாமல் சேர்த்துக்கொள்ளும். ஏ முதல் எஃப் வரை எல்லாமே இலக்கம்தானே, சியும் உள்ளே போய்விட்டது. டிஎஃப்சி என்ற மூன்று இலக்க எண்ணில் கடைசி எட்டு பிட் மட்டும் மிஞ்சியது. எஃப்சி, அதாவது 252. எல்சிடியில் அந்த எண்ணுக்கு உரியது இந்தக் கதவு. பின்னால் சிக்குப் பதில் ஓர் 'ஓ' இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

லேப்டாப் கையில் இருந்தது. பதினாறடிமானத்தை விட்டுவிட்டு எட்டடிமானத்தில் \337 என்று எழுதினேன். அந்த வகையில் அதிகபட்சம் மூன்று இலக்கம்தான் எடுக்கும், நாலாவதாக வரும் சி தப்பித்துவிடும். களத்து ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து யுஎஸ்பி வழியாக ஏற்றினேன். வட்டம் வந்தது. சி வந்தது. மாமாவுக்குக் கதவு போனதில் கொஞ்சம் வருத்தம்.

வேலை முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் இப்போது 31 வாசகங்களும் இரண்டு நிரல்களில் இரண்டு விதமாக இருந்தன. மாமா அடுத்த வாரம் போன் பண்ணி ஒரு வாசகத்தை மாற்றச் சொன்னால் இரண்டு இடத்தில் மாற்றி, இரண்டு இடத்திலும் தப்புச் செய்ய வேண்டும். அதனால் வாசக டைரக்டிவ்களையே மொத்தமாகக் கைவிட்டேன்.

இப்போது வாசகங்கள் எல்லாம் சாதாரண உரைக் கோப்பில், வரிக்கு ஒன்றாக. ஒரு சின்ன ஷெல் நிரல் அதை எடுத்து, 'ஆக்' கட்டளையால் ஒவ்வொரு வரியையும் இடைவெளி சேர்த்துச் சரியாக 16 எழுத்தாக்குகிறது. 16-ஐத் தாண்டினால் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். அடுத்து 'டிஆர்' கட்டளை வரி முறிவுகளை நீக்கி, அலைக்குறியை (~) 223 என்ற பைட்டாக மாற்றுகிறது. இந்த எல்சிடியில் அலைக்குறி கிடையாது, அதன் இடத்தில் அம்புக்குறிதான் வரும். அதனால் உரைக் கோப்பில் டிகிரிக்கு அதை எடுத்துக்கொண்டேன். கடைசியில் 'ஓ.டி.' கட்டளை எல்லாவற்றையும் தசம எண்களாகக் கொட்டுகிறது. அது வரிக்கு 16 பைட்டாகத்தான் அச்சிடும் என்பதால், ஒரு வரிக்கு ஒரு வாசகம் என்று கச்சிதமாக விழுந்தது. முன்னால் '.பைட்', பின்னால் இரண்டு 0. மொத்தம் 18 பைட், எப்போதும் இரட்டைப்படை.

தசம எண் ஏன் என்றால், பதினாறடிமானத்தை ஏ51-ல் ஒரு விதமாகவும் மற்றவற்றில் வேறு விதமாகவும் எழுதுவது வழக்கம். 223 எல்லா இடத்திலும் 223. மேற்கோள் இல்லை, பின்சாய்கோடு இல்லை. '.பைட்' என்ற பெயரை எஸ்டிசிசியின் அசெம்ப்ளரும் குனுவும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே உருவாகும் கோப்பு இரண்டு போர்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஏ51-க்கு எப்போதாவது போக வேண்டியிருந்தால் அந்த ஒரு சொல்லை 'டிபி' ஆக்கினால் போதும்.

இதிலும் இரண்டு இடத்தில் தடுக்கியது. திரையைத் துடைக்க அடுத்தடுத்து இரண்டு வெற்று வாசகம் வைத்திருந்தேன். ஒரே மாதிரி வரி திரும்ப வந்தால் 'ஓ.டி.' அதை அச்சிடாமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடும். அசெம்ப்ளர் அந்த வரியில் கத்தியது, நல்லதாகப் போயிற்று. 'வி' என்ற தெரிவைச் சேர்த்ததும் முழுதாக வந்தது. இன்னொன்று என் கணக்கு. வாசக எண்ணை 18-ஆல் பெருக்கித்தான் முகவரி கண்டுபிடிக்கிறேன். 8051-ல் பெருக்கல் விடையின் மேல் பைட் பி பதிவேட்டில் வரும், அதைக் கூட்ட மறந்துவிட்டேன். 14 வரை சரியாக வந்தது. 15-வது எண்ணில் 270, அதாவது 255-ஐத் தாண்டியதும் முதல் வாசகத்தின் வால் பகுதியிலிருந்து காட்ட ஆரம்பித்தது. இந்த முறை 31 வாசகத்தையும் மேஜையிலேயே, இரண்டு விநாடிக்கு ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்ததால் மலைக்குப் போகாமலே பிடிபட்டது. அந்த ஓட்டத்தை முதல் வாரமே எழுதியிருந்தால் இரண்டு நடை மிச்சம்.

இடத்தைப் பொறுத்தவரை 31 வாசகத்துக்கு 558 பைட். பழைய முறையில் இதைவிடக் குறைவுதான். ஏடி89எஸ்52-இல் 8 கேபி, ஏடிமெகாவில் 32 கேபி இருக்கும்போது யார் கணக்குப் பார்ப்பது. 16 எழுத்தும் எப்போதும் எழுதப்படுவதால், நீளமான வாசகத்துக்குப் பின் குட்டி வாசகம் வந்தால் வால் மிஞ்சுகிற பழைய தொல்லையும் போய்விட்டது. செலவு: சாமான் 1,120, பெட்ரோல் நடைக்கு 200 வீதம் 800, ஆக 1,920. தேவையில்லாமல் வாங்கிய எல்சிடி வீணாகவில்லை, புதுப் போர்டில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறன்று எல்லாம் ஓடிய பிறகு மாமா கேட்டார், "தமிழ்ல வராதா மாப்ள?" இந்த எல்சிடியில் நாமே வரைந்து வைக்க எட்டு எழுத்துக்குத்தான் இடம். உரைக் கோப்பில் நேராகத் தமிழில் அடித்தால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகப் பிரிந்து போய்விடும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அது இருக்கட்டும். அந்தக் கதவு வந்துச்சே, அதை டோர் ஓப்பனுக்குப் பக்கத்துல போட முடியுமா?"

'டிரையர் டோர் ஓப்பன்' ஆங்கிலத்தில் 15 எழுத்து. ஓர் இடம் மிச்சம் இருந்தது. 'டிஆர்' வரியில் இன்னொரு குறியை 252 ஆக்கி, இரண்டு போர்டிலும் அங்கேயே ஏற்றிவிட்டு இறங்கினேன்.